இரண்டு நூல் விட்டு வெட்டிய கூரைப் பூக்கள்

"எல்லாம் கையாலேயே செஞ்சீங்களா அக்கா?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பாராட்டாகத்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் நான் எதையும் கையால் செய்யவில்லை. மெஷினால் செய்தேன். அந்த மெஷின்களையும் கடையில் வாங்கவில்லை, எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாங்களே செய்தோம். கைவேலை என்று சொல்லி அவற்றின் பெயரைக் கெடுக்க எனக்கு மனசு வராது.

போன மாதம் ஈப்போவில் ஒரு பட்டறைக்கு என்னை அழைத்துப் போனார்கள். லேசர் மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார் முதலாளி. கணினியில் பூவை வரைகிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள், நான் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பூ வெளியே வந்துவிட்டது. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெருமூச்சு விடுவேன், கண் கலங்குவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு இருபது வயது குறைந்தால் இதே போல் இரண்டு வாங்கிப் போட்டிருப்பேன் என்று சொன்னேன். மனிதருக்கு ஏமாற்றம். பிறகு, "இது இல்லாம எப்படித்தான் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் செய்தது கூரைப் பூ. கூரையின் இரண்டு சரிவும் மேலே சேரும் இடத்தில், முகட்டில், வரிசையாக நிற்கும் தகட்டுப் பூக்கள். மூலைகளில் நிற்கும் கூர்முனைகள். சில கூரைகளில் காற்றடிக்கும் பக்கம் திரும்பும் சேவல். எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் பின்கட்டில் நான்கு மெஷின்கள் ஓடின. என்னோடு ஐந்து பெண்கள் வெட்டினார்கள். ஈப்போவைச் சுற்றி அந்த நாளில் கட்டிய பெரிய வீடுகளை அண்ணாந்து பார்த்தால் எங்கள் வேலை எங்காவது கண்ணில் படும்.

பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டினார். எனக்கு அது வரவில்லை. கத்தியை ஆழமாக விட்டு மரத்தைப் புண்ணாக்குகிறேன் என்று கங்காணி வேலை பார்த்த மண்டோர் இரண்டாம் வாரமே விரட்டிவிட்டார். தையல் பழகினேன், அது வந்தது. கல்யாணத்துக்கு அப்பா காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று வாங்கித் தந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஈப்போ ஓரத்தில் ஒரு கம்போங் கிராமத்தில் பலகை வீட்டுக்குக் குடிவந்தோம். அவர் பெயர் முனியாண்டி. காம்பார் பக்கம் குளத்தில் மிதந்து ஈயம் தோண்டும் கப்பலின் பட்டறையில் ஃபிட்டர். நான் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தேன்.

அந்த வீட்டின் சிங்க் கூரை ஒழுகியது. மழைநீர் வடியும் பீலியை மாற்ற வந்தவர்தான் அந்தோணி அண்ணன். ஈப்போவில் சொந்தத் தகரப் பட்டறை வைத்திருந்தார். தோட்டங்களுக்குப் பால் வாளி, வீடுகளுக்கு மழைநீர் பீலி, கூரை முகடு, எல்லாம் செய்வார். அன்றைக்குக் குழாய் நுழைவதற்குத் தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்ட வேண்டியிருந்தது. அவருடைய கத்திரி வளைவில் போகாமல் தகட்டைக் கடித்துக் கடித்து நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுக்கவில்லை. என் தையல் கத்திரியை எடுத்துவந்து, ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவதுபோல் தகட்டைத் திருப்பித் திருப்பிக் கொடுத்து ஒரே வீச்சில் வட்டத்தை வெட்டிக் கொடுத்தேன். நான் வெட்டிய தகட்டை அண்ணன் வாங்கி, மேல்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார்.

"கத்திரி போச்சும்மா. கை போகல" என்றார். அடுத்த வாரம் ஒரு கட்டுத் தகட்டோடு வந்து நின்றார்.

அவர் கேட்டது பூ. பெரிய வீடு கட்டுகிற சீன முதலாளிகளான தவுக்கேமார் கூரை முகட்டில் அலங்காரம் கேட்கிறார்கள், உளியால் கொத்தினால் ஓரம் நசுங்குகிறது, கத்திரி உள்பூவுக்குள் நுழையாது என்றார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என் தையல் மெஷினைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

மெஷினின் தலையைக் கழற்றிவைத்தார். கால்மிதி, சக்கரம், வார், மேசை நான்கையும் வைத்துக்கொண்டார். மேசைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கெட்டிப் பலகையில் இரண்டு கை செய்து, அவற்றின் நுனியில் மெல்லிய ரம்ப இழை ஒன்றை விறைப்பாகக் கட்டினார். கால் மிதித்தால் சக்கரம் சுழலும், இரண்டு கையும் சேர்ந்து ஏறி இறங்கும், இழை தகட்டை அறுக்கும். ரம்பம் நிற்கும் இடத்தில் நிற்க, தகட்டை நான் திருப்ப வேண்டும். துணியைத் திருப்பியே பழகிய கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதல் பூவுக்குப் பதினோரு இழை உடைத்தேன். தகடு எம்பிக் குதித்தது, விரலைக் கிழித்தது. பிறகு தையல் மெஷினில் துணியை அமுக்கும் கால் இருக்கிறதே, அதே போல் ஒன்றைச் செய்து தகட்டை அமுக்கினோம். இழையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தடவினால் அலுமினியம் ஒட்டாமல் போகும் என்று கண்டுகொண்டோம். ஆறாவது பூவுக்கு ஒரே ஒரு இழைதான் உடைந்தது. நேர் வெட்டுக்கு லோரியின் பழைய வில்பட்டையைத் தீட்டி, நெம்புகோல் வைத்து இன்னொரு மெஷின் செய்தார். அது தகட்டை வெட்டும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் ஓடிவிடும்.

அந்தோணி அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். பாராட்டவும் மாட்டார். வேலை பிடித்தால் தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால்தான் வேடிக்கை. சாதாரண நாளில் நான் அவருக்கு 'பாக்கியம், நீ'. கோபம் லேசாக வந்தால் 'பாக்கியம், நீங்க'. இன்னும் ஏறினால் 'பாக்கியம் அம்மா'. மரியாதை கூடக் கூட நமக்கு ஆபத்து. அவருடைய பட்டறை ஆட்கள், அண்ணன் யாரையாவது 'வாங்க' என்று கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவனுக்காக மற்றவர்கள் பரிதாபப்படுவார்களாம்.

இன்னொரு குணமும் அவரிடம் இருந்தது. பூவைப் பார்த்து வாடிக்கையாளர் யாராவது, யார் வெட்டியது என்று கேட்டால், "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்" என்பார். ஒருத்தன். ஒரு பொம்பளை வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து வெட்டினாள் என்று சொன்னால் வேலை தராமல் போய்விடுவார்கள் என்று பயம். ஆறு வருடம் நான் அந்த ஒருத்தனாகவே இருந்தேன். முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

சறுக்கல் இல்லாமல் இல்லை. காம்பாருக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மாதா கோயிலுக்குச் சேவல் கேட்டார்கள். வாழ்க்கையில் நான் உற்றுப் பார்த்த சேவலெல்லாம் முருகன் கொடியில் இருப்பதுதான். அதையே மனசில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கொண்டையைப் பெரிதாக்கி வெட்டினேன். அழகு என்றால் அப்படியொரு அழகு. மேலே ஏற்றினால் திரும்பவே இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சும்மா நின்றது. நெஞ்சும் வாலும் ஒரே அகலம், காற்று இரண்டையும் ஒரே மாதிரி தள்ளுகிறது என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் புத்தியில் ஏறியது. வாலை இரண்டு மடங்காக்கி மறுபடி வெட்டினேன். திரும்பியது. தோட்டத்து ஆட்கள் சிலர் ரோட்டில் போகும்போது அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். மாதா கோயில் சாமியாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "யார் கும்பிட்டா என்னம்மா, சேவல் திரும்புது இல்ல?" என்றார்.

இனி லூமுட். சொல்ல வேண்டியது இதைத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் லூமுட் கடலோரத்தில் ஒருவர் தங்கும் விடுதி கட்டினார். நீளமான கூரை. முகடு முழுக்கச் செம்பருத்திப் பூ வேண்டும், ஒவ்வொன்றும் ஓர் இலை வடிவச் சட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்றார்கள். கடல் காற்றில் துருப்பிடிக்கக்கூடாது என்று அலுமினியத் தகடு தனியாக வரவழைத்தார்கள். அளவாகத்தான் வந்தது. இன்னொரு தரம் வேண்டுமென்றால் ஒன்றரை மாதம் ஆகும். கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தவர் மலாய்க்காரரான என்சே ஹாலிம், நம் பேச்சில் ஹாலிம் ஐயா. கண் கூர்மையான மனிதர். மாதிரிக்கு ஆறு பூ செய்து காட்டச் சொன்னார். எப்போதும்போல் அந்தோணி அண்ணன் தகட்டில் தானே கோடு கீறிக் கொடுத்தார். நான் கோட்டின் மேலேயே வெட்டினேன். அண்ணன் தன் பட்டறையில் ஓரத்தை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினார். பிடித்துவிட்டது. மிச்சம் முப்பத்தாறும் இதே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லி அந்த ஆறையும் வாசல் போர்ச் கூரையில் வைக்கச் சொல்லிவிட்டார்.

முப்பத்தாறுக்கும் கோடு கீறிக் கொடுக்க அண்ணனுக்கு நேரமில்லை. முடிந்த பூவின் அளவில் ஒரு அட்டை வெட்டிக் கொடுத்தார். லோரியில் ஏறும்போது திரும்பி, "அட்டைய வச்சுக் கீறிட்டு, ஓரத்துல ரெண்டு நூல் விட்டு வெட்டிடு" என்றார்.

இரண்டு நூல். தையற்காரிக்கு இதில் என்ன சந்தேகம்? துணியின் ஓரத்திலிருந்து இரண்டு நூல் விட்டுத் தை என்பார்கள், கோட்டைத் தொடாதே என்று அர்த்தம். அண்ணன் எவ்வளவு நுணுக்கமான மனிதர் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாற்பதாம் நம்பர் நூலில் இரண்டு இழையை எடுத்துக் கோட்டின் ஓரமாக ஒட்டிவைத்து, அதற்கு வெளியே அடையாளம் போட்டேன். பன்னிரண்டு நாள் வெட்டினேன். முப்பத்தாறு பூவும் நூல் பிசகவில்லை. அந்த அளவுக்கு ஒரு வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

அண்ணன் வந்தார். அன்று மடிக்கும் இடுக்கியைக் கையோடு கொண்டுவந்திருந்தார், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று. ஒரு பூவை எடுத்து ஓரத்தில் இடுக்கியைப் போட்டார். வழுக்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வழுக்கியது. வெட்டிய பிறகு ஓரத்தை அவர் என்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டதுமில்லை. அது என் குறை.

"எவ்ளோ விட்டு வெட்டுன?"

"நீங்க சொன்ன மாதிரி ரெண்டு நூல்ண்ணே."

"எங்க ரெண்டு நூல்?"

"இருக்குலாண்ணே. நல்லா பாருங்க. நூல வச்சே அளந்தேன்."

நான் நூல்கண்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னாங்க?"

"நூலுண்ணே."

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். "பாக்கியம் அம்மா," என்றார். "தகர வேலையில ஒரு இன்ச்சுக்கு எட்டு நூலுங்க. ரெண்டு நூலுன்னா கால் இன்ச்சுங்க. அந்தக் கால் இன்ச்ச மடிச்சாத்தாங்க ஓரம் நிக்கும். இல்லாட்டி காத்துல காகிதம் மாதிரி ஆடுங்க."

ஒரு பூவைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது.

"அண்ணே, வேற தகடு?"

"ஒன்றரை மாசங்க. தெறப்பு விழா அடுத்த வாரங்க." எழுந்தார். "உங்க மேல தப்பில்லைங்க. தைக்கிறவங்க கையில தகரத்தக் குடுத்தேன் பாருங்க, எம்மேல தப்பு. இத எப்படியாச்சும் நான் பாத்துக்கிறேன். நம்ம இதோட நிறுத்திக்குவோங்க."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஆறு வருடம் வெட்டினேன், ஒரு பூ திரும்பி வந்ததில்லை. ஒரு வார்த்தைக்குத் தகரத்தில் ஓர் அர்த்தம், துணியில் ஓர் அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லாததற்கு நான் வீட்டுக்குப் போக வேண்டுமா? போனால் என் மெஷினில் பழைய தலையை மறுபடி ஏற்றிவைத்து ரவிக்கை தைக்க வேண்டியதுதான். தையல் மட்டமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் கூரை உச்சியில் என் பூ நிற்பதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் போதவில்லை.

"மூணு நாள் குடுங்கண்ணே" என்றேன்.

"என்னாங்க செய்வீங்க?"

"தெரியாதுண்ணே. குடுங்க."

அவருக்கும் வேறு வழியில்லை. சரி என்று போய்விட்டார்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். நூல்கண்டு விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எட்டு நூல் ஓர் இன்ச் என்பது அவருக்குத் தெரியும். கப்பல் பட்டறைக்கு வருகிற தச்சர்கள் அப்படித்தான் பேசுவார்களாம். இதை முன்னாலேயே என்னிடம் சொன்னால் என்னவாம். நான் அவரைச் சிரிக்கவிட்டுவிட்டு வெட்டிய பூக்களின் முன்னால் உட்கார்ந்தேன்.

யோசித்தேன். தைக்கும்போது ஓரத்துக்குத் துணி விடாமல் வெட்டிவிட்டால் என்ன செய்வோம்? எந்தத் தையற்காரிக்கும் இது நடக்கும். துணியைத் தூக்கியா எறிகிறோம்? தனியாக ஒரு பட்டை வெட்டி, உள்ளே கயிறு வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கவ்வவிட்டுத் தைத்துவிடுவோம். பைப்பிங் வைத்த ரவிக்கை என்று அதை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

"என்னங்க, இதுக்குப் பைப்பிங் வச்சா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "உள்ள கம்பியா?"

"கயிறுக்குப் பதிலா கம்பி."

"இரும்புக் கம்பி வச்சா உப்புக் காத்துல அலுமினியத்தத் தின்னுரும். அலுமினியக் கம்பிதான் வைக்கணும்." எழுந்து சட்டையை மாட்டினார். "பழைய கரண்டு கேபிள்ல இருக்கு. பழைய இரும்புக் கடையில கிடைக்கும். வாரேன் இரு."

வாளியின் வாயில் கம்பியை வைத்துத் தகட்டைச் சுருட்டுவது அந்தோணி அண்ணனுக்குத் தெரியாத வேலையல்ல. அதற்கும் ஓரத்தில் தகடு மிச்சம் இருக்க வேண்டும். தனிப் பட்டையில் கம்பியை வைத்து வெட்டிய ஓரத்துக்கு மாட்டலாம் என்று எங்களுக்குத் தெரிந்த பட்டறை எதிலும் செய்ததில்லை. அவர்கள் யாரும் ரவிக்கை தைத்ததில்லை.

கழிவுத் துண்டுகளிலிருந்து முக்கால் இன்ச் அகலப் பட்டைகளை வில்பட்டை மெஷினில் வெட்டினேன். அவற்றை நடுவில் மடித்துக் கம்பியை வைத்துப் பூவின் ஓரத்தில் மாட்டினோம். நேர் பாகத்தில் அழகாக உட்கார்ந்தது. இலையின் வளைவுக்கு வந்ததும் சுருங்கி, மடங்கி, அசிங்கமாக நின்றது. வீட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். நான் வைக்கவில்லை. கழுத்து வளைவில் துணி சுருங்கினால் உள்பக்கம் சின்னச் சின்ன வெட்டுக் கொடுப்போம், துணி விரிந்து கொடுக்கும். பட்டையின் இரண்டு விளிம்பிலும் அதே போல் வெட்டுக் கொடுத்தேன். பாதி சரியானது. தகடு இன்னும் விறைப்பாக இருந்தது. அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். பட்டையின் மேல் துணி துவைக்கும் சவுக்காரத்தைத் தேய்த்து, ஊதுவிளக்கால் சூடு காட்டினோம். சவுக்காரம் கறுக்கும்போது நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் அலுமினியம் உருகிவிடும். ஆறிய பிறகு பட்டை விரலுக்கு வளைந்தது. வளைவில் படிந்தது. இடுக்கியால் கவ்வி, ஐந்து இடத்தில் அலுமினிய ரிவெட் ஆணி அறைந்து இறுக்கினோம்.

முடிந்த பூவைத் தூக்கி ஆட்டினேன். ஆடவில்லை. இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன், என் பலத்துக்கு அது அசையவில்லை. நான் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்காரர் மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தார். நாளுக்குப் பன்னிரண்டு பூ, மூன்று பகல். முப்பத்தாறும் முடிந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். விளிம்பைத் தடவினார். "மாதிரிப் பூ இப்படி இல்லைங்களே" என்றார். "ஹாலிம் கேட்டா நீங்களே வந்து பதில் சொல்லுங்க."

அதனால்தான் நான் லூமுட்டுக்குப் போனேன். அதுவரை என் பூக்களை மாட்டும் இடத்துக்கு அவர் என்னை அழைத்துப் போனதே இல்லை. லோரியின் முன்சீட்டில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெட்டி ஆணி. எங்கள் வீட்டுப் பக்கம் சிம்பாங் பூலாயில் ஏறியவள், கடல் தெரியும்வரை ஹாலிமுக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆட்கள் முகட்டில் ஏறி முப்பத்தாறு பூவையும் மாட்டினார்கள். கீழே போர்ச் கூரையில் மாதிரிப் பூக்கள் ஆறும் ஏற்கெனவே நின்றன. என்சே ஹாலிம் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார். என் பூக்களின் ஓரம் தடிப்பாக, உருண்டையாக, வெயிலில் ஒரு கோடாகத் தெரிந்தது. மற்ற ஆறின் ஓரமும் தட்டை.

"லாய்ன். தாக் சாமா" என்றார். வேறு மாதிரி இருக்கிறது, ஒன்றாக இல்லை. இறக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே விடுதியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. லூமுட்டில் மழைக்காற்று சொல்லிக்கொண்டு வராது. ஏணியில் நின்றவர்கள் அவசரமாக இறங்கினார்கள். எல்லோரும் வராந்தாவுக்குள் ஓடினோம். காற்று முதலில் வந்தது. போர்ச் மேலிருந்து படபடவென்று ஒரு சத்தம். ஓரம் மடித்த மாதிரிப் பூக்கள் நடுங்கின. ஒன்று முன்னுக்குச் சாய்ந்தது. அடுத்த வீச்சில் அதற்குப் பக்கத்தில் நின்றது அப்படியே படுத்துவிட்டது. முகட்டில் என்ன நடக்கிறது என்று வராந்தாவிலிருந்து தெரியவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழையிலேயே இறங்கி ஓடி, முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் அடித்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடியும் எண்ணினேன். முப்பத்தாறும் நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூட நடுங்கவில்லை.

அரை மணி நேரத்தில் மழை விட்டது. என்சே ஹாலிம் ஈர மண்ணில் நடந்துவந்து போர்ச்சைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார். ஏணியை வைக்கச் சொல்லித் தானே ஏறினார். முகட்டில் ஒரு பூவின் ஓரத்தைப் பிடித்து உலுக்கினார். இறங்கிவந்து அந்தோணி அண்ணனிடம் கேட்டார்.

"சியாப்பா புவாட்?"

யார் செய்தது. ஆறு வருடமாக எல்லோரும் கேட்ட கேள்வி. அண்ணன் என் பக்கம் திரும்பினார். சேலை ஒட்டிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் வழிய நான் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"டியா" என்றார் அண்ணன். "துக்காங் சாயா." அவர்தான், என் தொழில்காரர். மலாய் மொழியில் டியா என்றால் அவனும் ஆகும், அவளும் ஆகும். ஹாலிம் சுற்றிலும் நின்ற ஆண்களைப் பார்த்தார். அதனால் அண்ணன் கையை நீட்டி விரலால் என்னைக் காட்டினார். எனக்கு அந்த விரலைப் பார்த்துக் கண்ணீர் வந்துவிட்டது. முகம் முழுக்க மழைத் தண்ணீர், யாருக்கும் தெரிந்திருக்காது.

ஹாலிம் என்னைப் பார்த்தார். பிறகு போர்ச் மேல் இருக்கிற ஆறையும் இறக்கிவிட்டு, முகட்டில் இருப்பதைப் போலவே செய்து வைக்கச் சொன்னார்.

போர்ச்சிலிருந்து இறக்கிய வளைந்த பூ ஒன்றை அண்ணன் கையில் எடுத்தார். தான் மடித்த ஓரத்தைத் தடவிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"பாக்கியம், இந்த ஆறுலயும் மடிப்ப வெட்டிட்டு எத்தன நூல் விடலாம்னு நீ சொல்லு."

"எந்த நூலுண்ணே? தகர நூலா, தையல் நூலா?"

அந்தோணி அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உன் நூலே விடு" என்றார்.